சாய்தளத்தை அளந்து பாருங்கள்!

பள்ளிக்கூடங்களில் சாய்தளம் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று சர்க்கார் சொல்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை அதில் ஏற முடிகிறதா என்று நாம் கேட்கிறோம். இரண்டும் ஒரே விஷயமல்ல. முதலாவதற்கு ஏட்டில் ஒரு குறி போட்டால் போதும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஓர் அளவு டேப் வேண்டும். அதை விரித்து அளக்கும் மனமும் வேண்டும்.

மத்திய கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் நாட்டிலுள்ள பள்ளிகளிடம் கணக்குக் கேட்டு வாங்கி வெளியிடுகிறது. கைப்பிடியுடன் கூடிய சாய்தளம் உள்ள பள்ளிகள் 2023-24ஆம் ஆண்டில் நூற்றுக்கு 52.3 என்றும், 2024-25ஆம் ஆண்டில் 54.9 என்றும் அந்தக் கணக்குச் சொல்கிறது. நூற்றுக்கு நாற்பத்தைந்து பள்ளிகளில் ஏட்டளவில்கூட அது கிடையாது என்பதே இதன் பொருள். சுதந்திரம் கிடைத்து முக்கால் நூற்றாண்டு கடந்த நாட்டில் இது வெட்கப்பட வேண்டிய கணக்கு. ஆனால் நாம் இன்று பேச விரும்புவது மீதி ஐம்பத்தைந்து பள்ளிகளைப் பற்றி. "இருக்கிறது" என்று எழுதப்பட்ட சாய்தளங்களைப் பற்றி.

பள்ளியிலிருந்து நிரப்பி அனுப்பும் படிவம் சாய்தளம் உண்டா, கைப்பிடி உண்டா என்றுதான் கேட்கிறது. சரிவு எவ்வளவு, அகலம் எவ்வளவு, மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ஆகவே வராந்தாப் படியின் ஓரத்தில் சிமெண்டைச் சரித்துக் கொட்டிய இடமும் சாய்தளம்தான். கைப்பிடி என்ற பெயரில் ஒரே பக்கத்தில் நட்டு, ஆட்டம் கண்டு நிற்கும் குழாயும் கைப்பிடிதான். ஏட்டில் எல்லாம் ஒன்றே.

யார் வீட்டுப் பிள்ளை?

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதிலும் அவர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அதே கணக்குக் கூறியது. கல்வி அவர்களுக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் அவர்களுடைய காலோ கையோ அல்ல. பள்ளிக்கூடத்தின் படிக்கட்டும் ஒரு காரணம்.

வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்குக் கார் இருக்கிறது. தூக்கிவிட ஆள் இருக்கிறது. லிப்ட் வைத்த தனியார் பள்ளி இருக்கிறது. மில் தொழிலாளியின் பிள்ளைக்கும், நாற்று நடப் போகும் பெண்ணின் பிள்ளைக்கும் சர்க்கார் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும்போது தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைக்கிறாள். காலையில் தூக்கிப் போகவேண்டும். மாலையில் தூக்கி வரவேண்டும். இடையில் சிறுநீர் கழிக்க அழைத்துச் செல்லவேண்டும். அப்படியானால் அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் எப்படிப் போவாள்? ஷிப்டுக்கு எப்படிப் போவாள்? பிள்ளை படிக்கவேண்டுமானால் கூலியை இழக்க வேண்டும். கூலி வேண்டுமானால் படிப்பை நிறுத்த வேண்டும். பத்து வயதில் பிள்ளையின் கனம் தாயின் இடுப்புக்குத் தாங்காது. கழிவறைக்குப் போக வழியில்லாததால் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தை, வயதுக்கு வந்ததும் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் மெல்ல மறைந்து போகிறது. "வீட்டுவழிக் கல்வி" என்று வேறொரு ஏட்டில் அதே பெயர் ஏறுகிறது.

படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தைக்கு ஆசிரியர் வீடு தேடி வருவது நல்ல ஏற்பாடு. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கக்கூடிய குழந்தையை, பள்ளியின் படிக்கட்டைச் சரிசெய்யச் சோம்பி வீட்டோடு வைப்பது கல்வியல்ல, ஒதுக்கிவைப்பு. ஒதுக்கிவைப்பு என்றால் என்னவென்று சேரியிலும் காலனியிலும் பிறந்து வளர்ந்த நம் உழைப்பாளி மக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி

சாய்தளத்துக்கு அளவு உண்டு. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் அது எழுதப்பட்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள என்ஜினீயர் படிப்புத் தேவையில்லை.

முதல் கணக்கு சரிவு. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வராந்தா இரண்டு அடி உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 24 அடி. நம் ஊர்ப் பள்ளிகளில் போய்ப் பாருங்கள்: அந்த இரண்டு அடி உயரத்துக்கு எட்டடி நீளமும், சில இடங்களில் ஆறடி நீளமும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு, லாரியில் பலகை சாத்தி மூட்டை ஏற்றும் தோழர்களே பதில் சொல்வார்கள். பலகை குட்டையானால் முதுகு ஒடியும். நூல் வண்டி தள்ளும் மில் தொழிலாளிக்கும், பாரவண்டியைக் கரையேற்றும் விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரிந்த சங்கதி. பிள்ளையும் நாற்காலியும் சேர்ந்து 48 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் அதை மேலே தள்ள நாலு கிலோ பாரத்தைத் தூக்கும் பலம் போதும். பிள்ளையே தன் கையால் சக்கரத்தை உருட்டி ஏறிவிடும். நாலுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ. மும்மடங்கு! நோயினால் மெலிந்த கை அதை எப்படித் தள்ளும்? ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும். இறங்கும்போது பிடி நிற்காமல் ஓடும். மழை பெய்து பாசி பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

மற்ற அளவுகளும் இப்படிக் காரணத்தோடு வைக்கப்பட்டவைதான். அகலம் குறைந்தது 1200 மில்லிமீட்டர், அதாவது நாலு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். அதுவும் இரண்டு உயரத்தில்: பெரியவருக்கு 900 மில்லிமீட்டரில், சிறுவருக்கு 700 மில்லிமீட்டரில். சாய்தளம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 1500 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஐந்து அடி, சமதளம் வேண்டும். நாற்காலி நின்று திரும்புவதற்கு. நீளமான சாய்தளமானால் நடுவிலும் இளைப்பாற ஒரு சமதளம் வேண்டும். ஓரத்தில் சக்கரம் நழுவி விழாதபடி ஒரு தடுப்பு வேண்டும். தளம் சொரசொரப்பாக இருக்கவேண்டும். வகுப்பறைக் கதவு 900 மில்லிமீட்டர், சுமார் மூன்று அடி, அகலமாகத் திறக்க வேண்டும். வாசற்படி கட்டையாக எழும்பி நிற்கக் கூடாது. கழிவறைக்குள் நாற்காலி திரும்ப ஐந்து அடி வெட்டவெளி வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் பிள்ளை வெளியேதான். சரியான சாய்தளத்தில் ஏறி வந்து, இரண்டு அங்குல வாசற்படியில் முட்டி நிற்கும் நாற்காலிக்கு அந்தச் சாய்தளத்தால் என்ன லாபம்?

சட்டத்துக்குக் குறைவில்லை

நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. பொதுக் கட்டிடங்களில் சாய்தளம் வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. மாற்றுத் திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. தடையின்றிச் சென்றுவர வழி உள்ளதாகப் பள்ளிக் கட்டிடம் இருக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. 2015 டிசம்பரில் பிரதமர் கொடியசைத்து ஓர் இயக்கத்தையே தொடங்கி வைத்தார்.

பின்னர் 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. சர்க்கார் பள்ளி மட்டுமல்ல, சர்க்கார் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் தன் கட்டிடத்தைத் தடையற்றதாக வைக்கவேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு கூறுகிறது. விதிப்படி அமையாத கட்டிடத்துக்கு அனுமதியும் கொடுக்காதே, கட்டி முடித்ததாகச் சான்றிதழும் கொடுக்காதே என்கிறது 44ஆவது பிரிவு. பழைய பொதுக் கட்டிடங்களை ஐந்தாண்டுக்குள் சரிசெய் என்கிறது 45ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஐந்தாண்டு 2022 ஜூனில் முடிந்துவிட்டது.

சட்டம் கட்டாயம் என்று சொல்ல, மத்திய சர்க்கார் எழுதிய விதியோ பலவற்றை வெறும் ஆலோசனையாக வைத்தது. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் கேள்வியில்லை என்ற கதைதான். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005ஆம் ஆண்டிலிருந்து நடத்திவந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மோசடியைக் கண்டித்தது. அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மீற முடியாத கட்டாய அளவுகளைத் தனியே வகுத்து, மூன்று மாதத்துக்குள் புதிய விதி செய்யும்படி உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கட்டாய விதி வந்தாலும் அது டில்லியிலிருந்து நடந்து வந்து நம் ஊர்ப் பள்ளியின் வாசலில் டேப் பிடிக்கப் போவதில்லை. ஓடும் எந்திரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. சங்கம் விழிப்பாக இருந்த மில்லில் மறைப்பு எந்திரத்தின் மீது இருந்தது. சங்கம் இல்லாத மில்லில் அது இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் இருந்தது. தொழிலாளியின் விரல் எந்திரத்தில் இருந்தது. சாய்தளத்தின் கதையும் இதுதான்.

அளவு யார் கையில்?

தஞ்சைத் தரணியில் பண்ணையாட்கள் செங்கொடி ஏந்தி எழுந்தபோது, சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியவேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலால் அளக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். ஏன்? கூலி இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு, அளக்கும் மரக்காலில் ஏமாற்றுவது மிராசுதாரனின் வித்தை. அளவு அவன் கையில் இருக்கும்வரை ஒப்பந்தம் வெறும் பேச்சு. அளவு நம் கண்முன் வந்த பிறகுதான் கூலி கூலியாயிற்று.

பள்ளிச் சாய்தளத்திலும் இன்று நடப்பது கள்ள மரக்கால் வேலைதான். கட்டுகிறவன் காண்ட்ராக்டர். 24 அடிக்குச் செங்கல்லும் சிமெண்டும் போடுவதைவிட எட்டடிக்குப் போடுவது அவனுக்கு லாபம். எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவர் அதிகாரி. சரிவு என்ன என்று பார்க்காமலே பில் பாஸாகிறது. மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து அதில் ஏறவேண்டியவன். அவனை மட்டும் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

ஆசிரியர்களின் மீது பழி போடுவது நம் நோக்கமல்ல. கட்டிடம் கட்டித் தந்தவன் ஒருவன்; "உண்டு" என்று கையெழுத்திடும் கட்டாயம் தலைமையாசிரியருக்கு. பள்ளிக்கு வருகிற சொற்ப மானியத்தில் அவர் குழாயைப் பழுது பார்ப்பாரா, கூரையைப் பழுது பார்ப்பாரா? அதோடு, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று காரணம் காட்டி, 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. மாற்றுத் திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களின் ஊதியமும் அந்தத் திட்டத்தில் அடங்கியதுதான். டில்லியின் அரசியல் பிடிவாதத்துக்கு நடக்க முடியாத குழந்தையா பலி? அதே சமயம், டில்லி பணம் தரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, எட்டடிச் சாய்தளத்துக்குப் பணம் பட்டுவாடா செய்த பொறுப்பிலிருந்து மாநில சர்க்கார் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

சொல்லும் சாக்குகள்

"அப்படிப்பட்ட பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லையே, யாருக்காகக் கட்டுவது?" என்று கேட்கிறார்கள். ஏறமுடியாத பள்ளிக்கு அந்தப் பிள்ளை எப்படி வரும்? பாலம் இல்லாத ஆற்றைக் காட்டி, யாரும் கடக்கவில்லையே என்று சொல்வது போன்றது இந்த வாதம்.

"ஒரு பிள்ளைக்காக இவ்வளவு செலவா?" என்கிறார்கள். சத்துணவு அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அந்த வழியாகத்தான் ஏறுகின்றன. காலொடிந்து கட்டுப்போட்ட மாணவனும், பிள்ளைத்தாய்ச்சியான ஆசிரியையும், பேரனைப் பார்க்க வரும் பாட்டியும் அதைத்தான் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாகும் நாளில் தேர்தல் கமிஷன் சாய்தளம் கட்டாயம் வேண்டும் என்கிறது; அவசர அவசரமாகப் பலகை போடுகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருநாள் ஓட்டுப் போட வழி வேண்டுமாம். ஆண்டு முழுதும் படிக்க வழி வேண்டாமாம்!

"இடம் இல்லை" என்கிறார்கள். 24 அடி நேராகப் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாதித் தூரத்தில் ஒரு சமதளம் போட்டு மடக்கித் திருப்பலாம். அதற்கும் வழியில்லாத இடத்தில் வகுப்பையே எளிதில் போகக்கூடிய கீழ்த்தள அறைக்கு மாற்றலாம். மனமிருந்தால் வழி உண்டு.

நாம் செய்யவேண்டியது

நாம் அதிகாரிகளின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அளப்பதற்கு வேண்டிய கருவியும் தொழிலும் நம்மிடமே உண்டு. நம் சங்கங்களில் கொத்தனார்கள் இருக்கிறார்கள்; தச்சர்கள் இருக்கிறார்கள்; பிட்டர்கள் இருக்கிறார்கள். நாலடி மட்டப்பலகையும் ரசமட்டமும் ஒரு டேப்பும் போதும். பலகையின் ஒரு நுனியைச் சாய்தளத்தின் மேல்பக்கத்தில் வையுங்கள். ரசமட்டக் குமிழி நடுவில் வரும்வரை கீழ்ப்பக்க நுனியைத் தூக்குங்கள். அந்த நுனிக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவுங்கள். நாலு அங்குலத்துக்குள் இருந்தால் சரி. பத்தும் பன்னிரண்டும் இருந்தால் அது சாய்தளமல்ல, சறுக்குமரம்.

ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் பள்ளியைப் பொறுப்பேற்கட்டும். தலைமையாசிரியரிடம் முறைப்படி சொல்லிவிட்டுப் போங்கள். பெற்றோரை அழைத்துப் போங்கள். முக்கியமாக, ஊரில் உள்ள மாற்றுத் திறனாளிகளை அழைத்துப் போங்கள்; அவர்கள் ஏறிக் காட்டட்டும். சரிவு, அகலம், கைப்பிடி, சமதளம், வாசற்படி, கதவு, கழிவறை என ஏழையும் அளந்து காகிதத்தில் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் நம் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்துத் தீர்மானம் போடச் செய்யுங்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய தினங்களில் கூடும் கிராமசபையில் அதை வாசியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவாகக் கொடுங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒரு நகல் போகட்டும். புகாரை விசாரிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அந்த உறுப்பினர்கள் கையில் நம் அளவுக் காகிதம் ஓர் ஆயுதமாக இருக்கும்.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் இவை:

1. எல்லாப் பள்ளிகளின் சாய்தளத்தையும் கழிவறையையும் அளந்து, அந்த அளவுகளை ஊரறிய வெளியிட வேண்டும். "உண்டு, இல்லை" என்ற கணக்கு போதாது.

2. அளக்கும் குழுவில் மாற்றுத் திறனாளிகளும் பெற்றோரும் இடம்பெற வேண்டும்.

3. அளவு தவறிய சாய்தளத்துக்குக் கட்டி முடித்த சான்றிதழும் தரக்கூடாது, பில்லும் பாஸாகக் கூடாது. தவறாகக் கட்டியவற்றைக் காண்ட்ராக்டரின் செலவிலேயே இடித்துக் கட்டவைக்க வேண்டும்.

4. பள்ளி மானியத்தில் கைவைக்காமல் இதற்கென்று தனி நிதி ஒதுக்கவேண்டும். மத்திய சர்க்கார் கல்வி நிதியை அரசியல் நிபந்தனையின்றித் தரவேண்டும்.

5. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இதே அளவு, இதே தணிக்கை வேண்டும்.

இவற்றில் தயவு கேட்கும் கோரிக்கை ஒன்றுகூட இல்லை. சர்க்கார் தானே எழுதிய சட்டத்தைத் தானே மதிக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எந்திரத்தில் சிக்கிக் காலை இழக்கும் தொழிலாளியும், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறியும் கூலியாளும் நம் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். பிறவியிலேயே நடக்க முடியாத அந்தக் குழந்தையும் நம் வர்க்கத்துப் பிள்ளைதான். அதன் சக்கரம் வகுப்பறைக்குள் உருளும்படி செய்வது பரோபகாரமல்ல. நம் இயக்கத்தின் வேலை.

தோழர்களே, வருகிற வாரமே டேப்பை எடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் அளவுகளை எழுதி நமக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக வரும் அந்தக் கணக்கை இதே பக்கங்களில் வெளியிடுவோம். சர்க்காரின் ஏட்டுக் கணக்கையும் மக்களின் டேப் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாடு பார்க்கட்டும்!